அம்மாவுக்குத் தெரியாத குதிகால்

பதுளை பஸ்ஸில் முன் சீட்டில் ஓர் அம்மாவும் மகனும். பையன் லீவு முடிந்து தியத்தலாவை இராணுவ அகடமிக்குத் திரும்புகிறான்.

ஏஎல் (உயர்தரப் பரீட்சை) முடித்த தம்பி ஒருவன் ஆசையாகக் கேட்டான், "அங்க எப்படி அண்ணா?"

"ஒரு குறையும் இல்ல தம்பி. நல்ல சாப்பாடு." அம்மாதான் முந்திக்கொண்டார்.

அவர் கண்ணயர்ந்த பிறகுதான் மகன் சப்பாத்தைக் கழற்றினான். குதிகாலில் தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்திருந்தது.

"4000 அடி உயரத்துக்கு மேல, விடியக்காலைக் குளிர்ல ஓடணும். புதுசுல தூக்கத்துக்குத்தான் ஏங்குவ. இப்பவே ஓடிப் பழகு."

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. பிள்ளை போனில் சொன்னதைச் சொன்னார். எந்தப் பிள்ளை அம்மாவிடம் புண்ணைக் காட்டும்?

சேர நினைக்கும் தம்பி தங்கைகளே, உள்ளே இருப்பவர்களிடமே கேளுங்கள். பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.