டபுள் ஸ்டாப்: விரலுக்கு முன்னால் வில்லைப் பாருங்கள்

வயலினில் இரண்டு தந்திகளைச் சேர்த்து வாசிக்கும்போது ஒரு சுரம் அடங்கிப்போனால் எல்லோரும் சந்தேகிப்பது இடது கையைத்தான். விரல்களை எடுத்துவிட்டு டி, ஏ தந்திகளை வெறுமனே இழுத்துப் பாருங்கள். அப்போதும் ஒன்று அடங்கினால் கோளாறு வில்லில் இருக்கிறது.

தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வளைவானது. தனித்தனித் தந்திக்கு நான்கு, ஜோடிகளுக்கு மூன்று என்று வில்லுக்கு ஏழு சாய்வுகள். சாய்வை மாற்ற வேண்டியது தோளிலிருந்து வரும் முழுக்கை. இரண்டு தந்தியாயிற்றே என்று இரண்டு மடங்கு அழுத்தினால் கரகரக்கும், சுருதியும் இறங்கும்.

வெறும் தந்தி சுத்தமாகப் பேசியும் விரல் வைத்ததும் ஊமையானால், விரல் படுத்துப் பக்கத்துத் தந்தியை உரசுகிறது. இடது முழங்கையை வயலினுக்கு அடியில் இன்னும் உள்ளே கொண்டுவந்தால் விரல் நிமிர்ந்து நுனியில் நிற்கும்.

அடுத்து சுருதி. இங்கேதான் பலர் குழம்புவது. ஏ தந்தியில் முதல் விரலை பி சுரத்தில் வைத்து, வெறும் ஈ தந்தியோடு ஒலி அலையடிக்காமல் சேர்த்துவிடுங்கள். விரலை நகர்த்தாமல் அதே பி-யை வெறும் டி-யோடு இழுங்கள்: உறுத்தும். காது சரிதான். ஈ-க்குப் பொருந்தும் பி 495 ஹெர்ட்ஸ். டி-க்குப் பொருந்துவது 489. விரல் பிரிட்ஜிலிருந்து விலகி சுமார் 3.5 மி.மீ. பின்னால் போக வேண்டும், அதாவது நுனியை லேசாக உருட்டினால் போதும். சரியாகச் சேர்ந்ததும் அடியில் மூன்றாவதாக ஒரு ஜி மெல்லக் கேட்கும். 489-லிருந்து டி-யின் 293 போனால் 196, ஜி தந்தியின் சுருதியேதான். இந்த மூன்றாம் ஒலியைப் பற்றி இத்தாலிய வயலின் கலைஞர் தார்த்தினி 1754-இல் வெளியிட்ட நூலிலேயே எழுதியிருக்கிறார். ட்யூனர் செயலியைவிட இதை நம்பலாம். ட்யூனருக்குப் பக்கத்துத் தந்தி என்னவென்று தெரியாது.

இதுவரை பார்த்தது மேற்கத்திய ஜி-டி-ஏ-ஈ சேர்ப்பு; அதில் எல்லா ஜோடியும் ஐந்தாம் சுர இடைவெளி (ச-ப போல). கர்நாடக வயலினில் தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்ப்பதால் கணக்கு மாறுகிறது. ஓரத்து ஜோடிகளில் ஒரே விரலை இரு தந்திமேலும் வைத்தால் ஐந்தாம் சுர இடைவெளி. நடு ஜோடியில் (ப-ச) நான்காம் சுர இடைவெளிதான். ஒரே சுரத்தை இரு ஸ்தாயியில் சேர்த்துப் பிடிக்க, கீழ் ச-ப ஜோடியில் சதுஸ்ருதி ரிஷபத்துக்கு முதல், நான்காம் விரல்களுக்கிடையே சுமார் 7 செ.மீ. போதும். நடு ஜோடியில் தைவதத்துக்கு 9.5 செ.மீ.க்கு மேல் வேண்டும். சிறிய கைக்கு எட்டாது. வலிந்து நீட்டினால் முதல் விரல் நழுவி, சேர வேண்டிய ஸ்தாயிதான் முதலில் கெடும். அங்கே கீழ்த் தைவதத்தை மட்டும் வாசித்துவிட்டுப் போவதே மேல்.