கீச்சுக்குரல் பெண்குரல் ஆகாது

ஒலிப்புத்தகம் வாசிக்கிறேன் என்றதும் முதலில் வரும் கேள்வி: "பொம்பளை வசனம் வந்தா என்ன பண்ணுவீங்க? கீச்சுனு பேசுவீங்களா?" கீச்சென்று இழுத்தால் வருவது பெண்குரல் இல்லை. காமெடி டிராக்கில் சேலை கட்டிக்கொண்டு வரும் ஆளின் குரல்.

ஆண் பேசும்போது குரல்நாண் நொடிக்கு ஏறக்குறைய 120 தடவை அதிரும், பெண்ணுக்கு 200ஐ ஒட்டி. அதை ஏற்றிவிடலாம். மாட்டிவிடுவது தொண்டையிலிருந்து உதடு வரை இருக்கிற குழாய்தான். ஆணுக்கு அது 17 செ.மீ. போல, பெண்ணுக்கு இரண்டு மூன்று செ.மீ. குறைவு. சுருதியை ஏற்றினாலும் அந்த நீளம் ஆண்குரல் என்று காட்டிக்கொடுத்துவிடும். கழுத்தில் விரலை வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள், குரல்வளை மேலே போய்த் திரும்பும். அதைப் பாதி ஏற்றத்தில் நிறுத்திப் பேசப் பழக வேண்டும். உதட்டைச் சிரிக்கிற மாதிரி லேசாக விரித்தால் குழாய் இன்னும் கொஞ்சம் குறையும். கூடவே துளி காற்றும் கசிய வேண்டும். தூங்கி எழுந்ததும் குரல் கட்டையாக இருப்பதால், பெண் வசனங்களை மத்தியானத்துக்குத் தள்ளிவிடுவேன்.

மைக்கும் சதி செய்யும். நாங்கள் வைத்திருப்பது கார்டியாய்டு, அதாவது முன்னால் வரும் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் வகை. கிட்டப் போகப் போக அடித்தொனியைக் கூட்டிக் காட்டும். கதைசொல்லிக்கு அது வரம். கதாநாயகிக்காக நான் ஒரு முழம் தள்ளி உட்காருவேன். "சாஃப்ட்வேர்ல பிட்ச் ஏத்திக்கலாமே" என்பார்கள். வெறுமனே ஏற்றினால் சாவி கொடுத்த பொம்மை பேசுகிற மாதிரி இருக்கும்.

1962இல் வந்த 'ஹாஃப் டிக்கெட்' இந்திப் படத்தில் ஒரு டூயட். லதா மங்கேஷ்கரால் வர முடியாமல் போக, ஆண் பகுதி, பெண் பகுதி இரண்டையும் கிஷோர் குமாரே பாடினார். இசை சலில் சௌத்ரி. ஹெட்போனில் கேட்டால் பெண்குரல் ஃபால்செட்டோ, அதாவது ஆண் இயல்புக்கு மேலே ஏற்றிப் பாடும் மெல்லிய கள்ளக்குரல் என்று தெரியத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தக் குழைவும் சிணுங்கலும் வரிக்கு வரி ஆளை மாற்றிவிடுகின்றன. 'அவ்வை சண்முகி'யில் (1996) கமலும் அப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் குரலில் கரகரப்பு உண்டு, பேச்சின் நடையோ அச்சு அசல் மாமி. என்னைக் கேட்டால் முக்கால் பங்கு வேலை நடையில்தான்.

இப்போது வாசிக்கும் நாவலில் ஒரு திருநெல்வேலி அம்மா வருகிறாள். அவளுக்காகச் சுருதியை நான் ஏற்றவே இல்லை. "ஏல, சோறு வச்சிருக்கேன், தின்னுட்டுப் போல" என்பதில் அந்தக் கடைசி 'போல'வைச் சற்று இழுத்துத் தணித்தால் போதும், அம்மா வந்துவிடுகிறாள்.

ஒரே காட்சியில் இரண்டு பெண்கள் வந்தால்தான் பாடு. இந்த வாரம் மாமியார் மருமகள் சண்டை அத்தியாயம். மாமியாரை நிதானமாக, தணிந்த சுருதியில். மருமகளுக்கு வேகம், மூச்சு விடாத பேச்சு. இருவரையும் தனித்தனியாகப் பதிந்து ஒட்டுவதாகத் திட்டம். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்தாயிற்று.