அட்டையில் வைத்த கைகள்

மிருதங்கம் வாசிக்கும் ஒரு பிள்ளையின் நேர்காணல் வந்த எங்கள் இதழின் அட்டையில் அவளுடைய கைகளை மட்டும் போட்டது சரியான முடிவு என்றுதான் இன்றும் வாதாடுவேன். கேட்பவர்கள் தலையாட்டவும் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டதற்கு நான் சொன்ன பதில் அன்றைக்கும் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை.

கலைஞர்களுக்கென்று ஒதுக்கும் பிரதிகளை எடுத்துப்போக அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அட்டையைப் பார்த்தாள். உள்ளே தன் நேர்காணல் வந்திருந்த பக்கத்தைத் தேடிப் பார்த்தாள். திரும்ப அட்டைக்கு வந்தாள்.

"போன இதழில் அந்த அண்ணாவுக்கு முகம் போட்டீர்கள்தானே அக்கா?"

"உம்முடைய கைதானே வாசிக்கிறது. அது பேசட்டும் என்று நினைத்தோம்," என்றேன்.

"இது யாருடைய கை என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, படத்தில் மணிக்கட்டு இருந்த இடத்தில் விரலை வைத்தாள். "நான் வளையல் போட்டுக்கொண்டு வாசிப்பதில்லை அக்கா."

குரலில் கோபம் இல்லை. ஒரு தகவலைத் திருத்துகிறவளைப் போலச் சொன்னாள். பிரதிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எங்களிடம் மூன்று படங்கள் இருந்தன. முதலாவது, பட்டுப் பாவாடை தாவணியில், பூ வைத்து, மிருதங்கத்தின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு சிரிப்பது. ஆசிரியர் ஐயாவுக்கு அதுதான் பிடித்திருந்தது. இரண்டாவது, வாசித்துக்கொண்டிருக்கும்போது எடுத்தது. கண் பாதி மூடியிருக்கிறது, கீழுதட்டைப் பல்லால் கடித்திருக்கிறாள், நெற்றி முடி வியர்வையில் ஒட்டிக் கிடக்கிறது. மூன்றாவது, கைகள். வலது கை, மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நடுவில் உள்ள கறுப்பு வட்டமான கரணைக்கு மேல் ஓங்கியபடி நிற்கிறது, இடது கை இடப்பக்கமான தொப்பியில் படிந்திருக்கிறது. தொப்பியில் அப்பிய ரவை காய்ந்து, பெருவிரல் நகத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் துகளாக ஒட்டியிருந்தது. பக்கம் வடிவமைத்த தம்பி கணினியில் அந்தத் துகளை அழித்துவிட்டுக் காட்டினான். திரும்ப வைக்கச் சொன்னேன். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

முதலாவது படத்தை மறுத்ததும் நான்தான். அந்தப் படத்தில் மிருதங்கம் ஒரு தளபாடம். அவள் அதை வாசிப்பாள் என்பதற்கு அங்கே ஒரு சாட்சியும் இல்லை. எட்டு வயதில் தொடங்கி, சங்கீத சபைப் பரீட்சைகள் ஒவ்வொன்றாக எழுதி, உயர்தரப் படிப்புக்கு நடுவிலும் விடியற்காலையில் சாதகம் செய்கிற ஒருத்தியைச் சிரித்த பிள்ளையாக மட்டும் காட்டுவதற்கு எங்கள் இதழ் எதற்கு? இதைத்தான் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது படத்தைத்தான் நான் கேட்டேன். அவளுடைய அம்மா சம்மதிக்கவில்லை. பிள்ளைக்குப் பதினேழு வயது. அம்மாவின் சொல்லை மீறி ஒரு படத்தை அச்சிட எங்களுக்கு உரிமை இல்லை, இருக்கவும் கூடாது. "பேய் பிடித்தது போல இருக்கிறாள் பிள்ளை, அதைப் போடாதீர்கள். இந்தக் காலத்தில் ஒரு படத்தை எடுத்து முகநூலில் என்னவெல்லாமோ செய்கிறார்கள்," என்றார் தொலைபேசியில். அந்தப் பயத்தை நான் எள்ளளவும் குறைத்து மதிக்கவில்லை. எங்கள் ஊரில் எத்தனை பெண் பிள்ளைகளின் முகநூல் பக்கங்களில் முகத்துக்குப் பதிலாக ஒரு பூவோ, ஒரு நடிகையோ, கடற்கரையில் முதுகு காட்டி நிற்கும் உருவமோ இருக்கிறது என்று பாருங்கள். எல்லாம் அந்தப் பயம்தான்.

ஆகவே மூன்றாவது. அம்மாவுக்கும் சம்மதம், ஆசிரியருக்கும் சம்மதம், எனக்கும் சம்மதம். அவளிடம் கேட்டோமா என்றால், கேட்டோம். "சரி அக்கா" என்றாள். அந்தச் "சரி"யை நான் எந்த அளவுக்கு நம்பலாம் என்பது வேறு கதை.

இனி வளையல். படம் எடுத்தவர்தான் போடச் சொன்னார், அவளுடைய அம்மாவினுடையதை வாங்கி. நானும் அங்கேதான் இருந்தேன். அவர் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. மிருதங்கத்தின் மேல் இரண்டு வெறும் கைகளைக் கண்டால் எங்கள் வாசகர் பத்துப் பேரில் பத்துப் பேரும் அதை ஓர் ஆணின் கை என்றே நினைப்பார்கள். அந்த வாத்தியத்தை ஒரு பெண் வாசிக்கிறாள் என்று சொல்லத்தானே அந்த அட்டையே? திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் என்று ஒருவர் போன நூற்றாண்டிலேயே மிருதங்கம் வாசித்திருக்கிறார் என்பது எங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2021ஆம் ஆண்டு ஆந்திராவின் தண்டமூடி சுமதிக்கு மிருதங்கத்துக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது என்பது? தெரியாதவர்களுக்குத் தெரிவிக்க ஓர் அடையாளம் வேண்டும். மெல்லிய ஒற்றை வளையல் அந்த வேலையைச் செய்தது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அவள் சொன்னதும் உண்மை. வளையல் போட்ட கையால் மிருதங்கம் வாசிப்பது இடைஞ்சல். உலோகம் தோலில் படும், மணிக்கட்டு இலகுவாகத் திரும்பாது. அந்தப் படத்தில் இருப்பது வாசிக்கும் கை அல்ல. பெண் என்று அறிவிக்கும் கை.

நேர்காணலுக்கு முன்னர் நான் வாசித்துவிட்டுப் போன விடயங்கள் இதில்தான் என்னைக் குழப்புகின்றன. பிரித்தானியாவில் 1964 முதல் 1993 வரை 'ஜாக்கி' என்றொரு வார இதழ் பதின்வயதுப் பெண் பிள்ளைகளுக்காக வந்தது. பாட்டுக்காரர்களின் படங்களைப் பெரிதாகப் போடுவார்கள். சுவரில் ஒட்டலாம். பண்பாட்டு ஆய்வாளர் ஏஞ்சலா மெக்ராபி 1970களின் இறுதியில் அந்த இதழை ஆராய்ந்து எழுதினார். அங்கே பாட்டு என்றால் பாடுகிற பையனின் முகம். பெண் பிள்ளைக்குக் கிடைத்த வேலை அதைப் பார்த்து ஏங்குவது. இசைக்கு அவள் வெளியே நின்றாள். அமெரிக்காவில் 'ரோலிங் ஸ்டோன்' என்ற இசை இதழ் 1969 பெப்ரவரியில் பெண்களுக்கென்று ஒரு சிறப்பிதழ் போட்டது. அதுவும் இசைக்குழுக்களின் பின்னால் போகும் பெண்களைப் பற்றியது. முப்பது வருடம் கழித்து, 1999 ஏப்ரலில், அதே இதழ் ஒரு பாடகியை அட்டையில் போட்டது. பிரிட்னி ஸ்பியர்ஸ். வயது பதினேழு. ஒரு கையில் தொலைபேசி, அணைப்பில் சிறு குழந்தைகள் விளையாடும் ஒரு பொம்மை, படுக்கையில் உள்ளாடையோடு. இம்முறை பெண் இசைக்கு உள்ளே வந்துவிட்டாள். ஆனால் அவள் பாடுகிறவள் என்பதற்கு அந்தப் படத்தில் என்ன இருக்கிறது?

பதினேழு. எங்கள் பிள்ளைக்கும் பதினேழு. அந்த அட்டையை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் எங்கள் அட்டையைப் பற்றி முடிவெடுத்தேன். உடம்பைக் காட்டாதே, முகத்தை விற்காதே, வேலையைக் காட்டு. இதைவிட நல்ல எண்ணம் எது? அங்கே அளவுக்கு மீறிக் காட்டினார்கள், நாங்கள் கண்ணியமாக மறைத்தோம் என்று எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது. அந்தப் பிள்ளை அட்டையைக் கையில் எடுக்கும் வரைக்கும்.

எங்களிடம் முகமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. 2023 டிசம்பரில் அரியாலைச் சிறுமி ஒருத்தி தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வென்றபோது அவளுடைய முகம் யாழ்ப்பாணத்தில் எல்லார் கைத்தொலைபேசியிலும் இருந்தது. சிறுமி என்றால் முகம் ஊருக்குப் பொது. ஐம்பது வயது கடந்த சங்கீத ஆசிரியை என்றால் பாராட்டு விழா மலரின் முன்பக்கத்தில் பொன்னாடையோடு முகம் வரும். பரதநாட்டிய அரங்கேற்றமா, பதினாறு வயதுப் பிள்ளையின் முகம் வீதியோரப் பதாகையில் ஆளுயரத்துக்கு நிற்கும், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நான் இதைப் பல நாள் யோசித்துப் பார்த்தேன். மை தீட்டி, நெற்றிச்சுட்டி கட்டி, தலைசாமான் வைத்த பிறகு அந்த முகம் அவளுடையது மட்டும் இல்லை. ஒரு கலையின் முகம், குடும்பத்தின் முகம். அலங்காரம் அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. பதினான்கு வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரைக்கும், அலங்காரம் இல்லாமல், ஒரு வேலையில் மூழ்கிப்போன பெண்ணின் முகம் எங்கள் இசைப் பக்கங்களில் எங்கே இருக்கிறது? பழைய இதழ்களை எடுத்துப் புரட்டினேன். பாடகிகள் கொஞ்சப் பேர், வாய் மூடிய புன்னகையோடு. ஆண்களுக்கோ, தலையை ஆட்டி, பல்லைக் கடித்து, வேட்டி கசங்க வாசிக்கும் தவில்காரரின் படம் என்றால் நாங்கள் ஒரு முழுப் பக்கம் கொடுப்போம். யாழ்ப்பாணத்து இணுவிலும் அளவெட்டியும் தந்த வித்துவான்களை நாங்கள் நினைவில் வைத்திருப்பதே அந்த முகங்களோடுதான். அவர்களை யாரும் பேய் பிடித்தவர் என்று சொன்னதில்லை. லயத்தில் இருக்கிறார் என்று சொன்னோம்.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் ஒரு நீல நிறமே உண்டு. சாரிக் கடையில் அந்தப் பெயரைச் சொன்னாலே எடுத்துப் போடுவார்கள். அவ்வளவு பெரிய குரலுக்கும் ஒரு சாரி நிறம் துணைக்கு வர வேண்டியிருந்தது. எங்கள் விமர்சகர்களும் இளம் பாடகிகளைப் பற்றி எழுதும்போது, ராகத்துக்கு வரும் முன் உடையைப் பற்றி ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். அந்த வரிகளை நான் வெட்டுவேன். சில வேளை சண்டை வரும். வெட்டுவேன்.

அப்படி வெட்டுகிற நான்தான் வளையலை விட்டேன். அது வேறு, இது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒன்று அவளை அழகுபடுத்துவது, மற்றது அவளை அடையாளப்படுத்துவது. அடையாளம் இல்லாவிட்டால் அந்த அட்டையால் பயன் இல்லை. ஆனால் முகத்தைப் போட்டிருந்தால் வளையல் தேவைப்பட்டிருக்காதே. முகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு ஒரு நகையை வைத்தோம். இந்த வாதத்துக்கு எதிர்வாதம் தேடிப் பார்த்தேன். அம்மா மறுத்தார் என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

அம்மா மறுத்ததிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. எனக்கு அது அச்சுக்குப் போய்க் கனநாள் கழித்துத்தான் உறைத்தது. சிரித்த படத்துக்கு அவர் முதலிலேயே சம்மதித்திருந்தார். முகநூலில் எடுத்து என்னவாவது செய்வதென்றால் சிரித்த படத்தையும்தான் செய்யலாம். இன்னும் எளிதாகச் செய்யலாம். ஆக அவர் பயந்தது முகம் வெளியே போவதற்கு அல்ல. அந்த முகம் வெளியே போவதற்கு. வடிவாக இல்லாத, யாருக்காகவும் இல்லாத, தன் பாட்டில் இருக்கும் முகம். நாளைக்குக் கலியாணம் பேசி வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு தாய் யோசிப்பது பாவமா? இல்லை. இந்த ஊரில் பெண் பிள்ளை வளர்க்கும் எவருக்கும் அந்த யோசனை வரும். அதே அம்மாதான் வாரத்துக்கு மூன்று நாள் பிள்ளையை மிருதங்க வகுப்புக்குக் கூட்டிப்போய், வாசலில் காத்திருந்து கூட்டி வருகிறவர்.

அன்றைக்குத் தொலைபேசியிலேயே நான் இதைக் கேட்டிருக்கலாம். "அம்மா, சிரித்த படம் என்றால் பயம் இல்லையா?" என்று. கேட்டிருந்தால் அவர் மனம் மாறியிருப்பார் என்று சொல்ல மாட்டேன். அவருடைய பிள்ளையைப் பற்றி அவரிடமே வாதாட நான் யார் என்ற தயக்கமும் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தயக்கம் எப்போதும் ஒரு பக்கத்துக்கே சாய்கிறது என்பதையும் கவனிக்கிறேன். போன இதழின் அண்ணாவுடைய படத்துக்கு நாங்கள் யாருடைய அம்மாவிடமும் அனுமதி கேட்கவில்லை. அவருக்கு வயது பத்தொன்பது.

இந்த இதழுக்கு வயலின் வாசிக்கும் பிள்ளை ஒருத்தியின் நேர்காணல் வருகிறது. வயது பதினெட்டு. சட்டப்படி அவளே சம்மதம் தரலாம். ஆசிரியர் ஐயா, "வீட்டில் ஒரு சொல் கேட்டுவிடு பிள்ளை," என்று சொல்லியிருக்கிறார். ஊர் வழக்கப்படி அது சரி. முதலில் அவளிடம் கேட்டு, எந்தப் படம் என்று அவளே தெரிவு செய்த பிறகு வீட்டில் கதைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்த படத்தைத்தான் தெரிவு செய்வாள் என்றால் அதையே போட நான் தயாரா என்று அவர் கேட்டார். அதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.