வேதப்புத்தகத்துக்குள் எட்டு அட்டைகள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் ஆலயத்தில் வாக்குத்தத்த அட்டைகளை, புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேதவசனம் எழுதியவற்றை, தட்டில் வைத்து நீட்டுவார்கள். கல்யாணமான வருஷம் எனக்கு வந்தது ஏசாயா 60:22. ‘கர்த்தராகிய நான் ஏற்றகாலத்தில் இதைத் தீவிரமாய் நடப்பிப்பேன்.’ அடுத்த கிறிஸ்துமஸுக்குள் கையில் பிள்ளை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ‘தீவிரமாய்’ கண்ணில் பட்டது, ‘ஏற்றகாலத்தில்’ படவில்லை.

முதல் மூன்று வருஷம் அழுது ஜெபித்தேன், வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். ஆலய வாசலில் “விசேஷம் உண்டா?” என்று கேட்பவர்களுக்குச் சிரித்துவிட்டு நகரவும் பழகினேன். நாலாம் வருஷம் ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய்ச் சிகிச்சை. கரு வைத்த பிறகு ரத்தப் பரிசோதனை வரைக்கும் பதினாலு நாள். அந்த நாட்களில் ஜெபித்ததுபோல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது.

அதோடு ஜெபம் நின்றுபோயிற்று. கோபம் வந்திருந்தால்கூடச் சண்டையாவது போட்டிருப்பேன். முழங்காலில் நின்று “ஆண்டவரே” என்பேன், அடுத்த வார்த்தை வராது. ஃபேன் சத்தத்தைக் கேட்டுவிட்டு எழுந்துவிடுவேன். ‘விசுவாசம் போதவில்லை போல’ என்று ஒரு அக்கா சொன்னது ஊசிகளைவிட வலித்தது.

பெண்கள் கூட்டத்தில் என்னைக் கண்டாலே, பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்துச் சாமுவேலைப் பெற்ற அன்னாள் கதைதான். எரிச்சலில் ஒருநாள் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தை நானே உட்கார்ந்து வாசித்தேன். அழுது ஜெபித்தவளை ஆசாரியர் ஏலி குடிகாரி என்று நினைத்தார் (அந்த அக்கா ஞாபகம் வந்தது). 18ஆம் வசனத்தில் அவள் போய்ச் சாப்பிடுகிறாள், அப்புறம் துக்கமுகமாய் இருக்கவில்லை. சாமுவேல் பிறப்பதோ 20ஆம் வசனத்தில். கையில் ஒன்றும் இல்லாமலே சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள்! ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அவளுக்காவது ஏலி ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினார். எனக்கு யார் சொன்னார்கள்?

அதற்கு ஆதியாகமத்துக்குப் போக வேண்டியிருந்தது. மனைவி சாராயிடம் பிள்ளையில்லாமல் வாக்குத்தத்தத்துக்குக் காத்திருந்தவர் ஆபிராம். 16ஆம் அதிகாரம் முடியும்போது அவருக்கு 86 வயது, 17 தொடங்கும்போது 99. நடுவில் பதின்மூன்று வருஷம், கர்த்தர் பேசியதாக ஒரு வரியும் இல்லை. என் வேதப்புத்தகத்தில் அது ஒரு விரல்கடை வெற்றிடம். ஆபிராம் அந்த வருஷங்களில் ஆடுமாடுகளைப் பார்த்துக்கொண்டும், அடிமைப்பெண் ஆகார் பெற்ற இஸ்மவேலை வளர்த்துக்கொண்டும்தானே இருந்திருப்பார்?

பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குக் கையைப் பிடித்து இழுத்தாள். “ஜெபம் வரலைன்னா வராமலே வந்து உக்காருட்டி.” சரி என்று போனேன். இப்போது வாராவாரம் போகிறேன். சொந்த வார்த்தை வராத நாளில் ஒரு சங்கீதத்தை மெல்ல வாசிப்பேன். 13ஆம் சங்கீதம் ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று முறையிட்டாலும் கடைசியில் பாட்டுக்கு வந்துவிடும். 88 வராது, புலம்பலிலேயே முடியும். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பிடிக்கும். இப்படியும் அவரிடம் பேசலாம் என்றுதானே அதை வைத்திருக்கிறார்கள்?

இந்த வருஷம் தட்டில் கைவிட்டால் மறுபடியும் ஏசாயா 60:22. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து “இதேதானா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து, மற்ற ஏழோடு சேர்த்து அதையும் ஆதியாகமம் 16க்கும் 17க்கும் நடுவே செருகி வைத்தேன்.