நிலத்தடிப் பூஞ்சைகளை அடையாளம் காணும் பணி

ட்ரஃபிள் என்னும் நிலத்தடி உணவுப் பூஞ்சையைப் போலத் தோன்றும் பூஞ்சைகள் ஆய்வு மேசைக்கு வரும்போது பெரும்பாலும் மண் ஒட்டிய சிறு உருண்டைகளாகவே இருக்கும். மண்ணுக்கடியில் வளர்ந்து, தம்மைத் தின்னும் விலங்குகளின் வழியே வித்துகளைப் பரப்பும் வாழ்க்கை முறை, நெருங்கிய உறவில்லாத பல பூஞ்சைக் குடும்பங்களில் தனித்தனியே தோன்றி, அவற்றையெல்லாம் ஏறக்குறைய ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதனால் வெளித்தோற்றத்தை மட்டும் நம்பி நான் எந்தப் பெயரையும் எழுதுவதில்லை.

முதல் வேலை, மாதிரி வாடுவதற்குள் அதை நெடுக்காக இரண்டாக வெட்டுவது. உள்ளே தண்டும் குடையும் செவுள்களும் கோட்டுருவமாகத் தெரிந்தால் அது விரியாத காளான் மொட்டு. அமானிட்டா பேரினத்தின் கொடிய நச்சுக் காளான்களும் மொட்டுப் பருவத்தில் இப்படித்தான் இருக்கும் என்பதால், உண்ணும் எண்ணத்தில் எடுத்தவருக்கு இந்த ஒரு வெட்டு உயிரையே காக்கக்கூடும். சதைக்குள் பளிங்கில் இருப்பதுபோல வெளிறிய நரம்புகள் ஓடினால் உண்மையான ட்ரஃபிள்களின் பேரினமான டியூபரை நினைக்கலாம். நுண்ணறைகள் நிறைந்து, புறத்தோலில் வேர் போன்ற இழைகள் படிந்திருந்தால் பைன் மரங்களோடு கூடி வாழும் ரைசோபோகனாக இருக்கலாம். வெட்டிய இடம் நிறம் மாறுகிறதா, பால் கசிகிறதா, மணம் எத்தகையது என்பதையெல்லாம் அப்போதே குறித்துவிட வேண்டும். உலர்ந்த மாதிரியில் வித்துகள் பல்லாண்டுகள் கெடாமல் இருக்கும், ஆனால் இந்த அடையாளங்கள் திரும்பக் கிடைக்கா. குறிப்பு ஏதுமின்றி உலர்த்தி அனுப்பப்படும் மாதிரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிறகு பிளேடால் மெல்லியதாகச் சீவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்போம். வித்துகள் பைக்குள் உருவாகியிருந்தால் அது ஆஸ்கோமைசீட்டு. பசிடியம் எனப்படும் தடி போன்ற செல்லின் மேல் உருவாகியிருந்தால் பசிடியோமைசீட்டு. ரைசோபோகனின் வித்துகள் வழவழப்பான சிறு நீள்வட்டங்கள். ருசுலா குடும்பத்தைச் சேர்ந்தவையானால், அயோடின் கலந்த மெல்சர் கரைசலில் வித்தின் மேலுள்ள புடைப்புகள் கருநீலமாக மாறும்.

டியூபர் பேரினத்தில்தான் அளவெடுப்புக்கு மிகுந்த பொறுமை தேவை. ஒரு பைக்குள் பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து வித்துகள் வரை இருக்கும். தனித்திருப்பது பெரிதாகவும், நெருங்கியிருப்பவை சிறியனவாகவும் வளர்கின்றன. ஆகவே எத்தனை மைக்ரோமீட்டர் என்று மட்டும் எழுதினால் பயனில்லை. அந்தப் பையில் எத்தனை வித்துகள் இருந்தன, வித்தின் மேலுள்ள முட்களைச் சேர்த்து அளந்தோமா விட்டு அளந்தோமா என்பதும் கூடவே இருக்க வேண்டும். டியூபர் ஈஸ்டிவத்தின் வித்தில் வலைப்பின்னலும், விலை மிகுந்த டியூபர் மெலனோஸ்போரத்தின் வித்தில் முட்களும் தெளிவாகத் தெரியும். ஆனால் ஆசியாவின் டியூபர் இண்டிகமும் முள் வித்துகளையே கொண்டிருப்பதால், இவ்விரண்டையும் ஐயமறப் பிரிக்க டிஎன்ஏ சோதனையை நாடுவதே முறை.

முற்றாத மாதிரியில் வித்துகளே இருப்பதில்லை. அதற்கும் ஒரு சிற்றினப் பெயரைக் கொடுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் மறுத்துவிடுகிறேன். உறையின் மேல் ‘முற்றாதது’ என்று எழுதி, சில வாரங்கள் கழித்து அதே மரத்தடியில் மீண்டும் தேடிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.