திருகோணமலையில் எங்கே தங்குவது: சுழியோடப் போன நாட்களின் குறிப்பு

மே 18, யாழ்ப்பாணம்

இந்த முறை அம்மாவும் தம்பியும் என்னோடு வருகிறார்கள். அம்மாவுக்குக் கோணேசர் கோயில் பக்கத்தில் இருக்கவேண்டும். தம்பிக்குச் சுழியோடப் பழகவேண்டும். எனக்குக் கடலுக்குள் இருக்கிற புறாமலைத் தீவும், கோயிலுக்குக் கீழே சுவாமிமலை அடியில் இருக்கிற கடலும் வேண்டும். மூன்று பேருக்கும் பொருந்துகிற மாதிரி எங்கே தங்குவது என்று இரவுச் சாப்பாடு முடிந்தும் கதைத்துக்கொண்டிருந்தோம். தம்பி கைபேசியில் நீச்சல்குளம் உள்ள ஹோட்டல்களாகக் காட்டினான். நான் வரைபடத்தைத்தான் விரித்து வைத்திருந்தேன்.

எல்லாம் காற்றைப் பொறுத்தது. கிழக்குக் கரையில் மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான் சுழியோடிகளின் காலம். வாடை தொடங்கிவிட்டால் கடல் கலங்கிப்போகும். நல்ல மாதங்களிலும் வெயில் ஏற ஏறக் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து எழும்பிக் கடலைக் குழப்பும். அதனால் படகுகள் காலையிலேயே போய்விடும். ஏழு மணிக்குக் கரையில் நிற்க முடியாத அறை எவ்வளவு வடிவாக இருந்தாலும் எங்களுக்கு உதவாது.

மே 21

அறைக்கு முன்னம் டைவ் சென்டரைத் தெரிவு செய்வதுதான் சரியான ஒழுங்கு. எல்லாருக்கும் இதையே சொல்லிவருகிறேன். யாரோடு கடலுக்குள் இறங்குகிறோம் என்பது முடிவானால், எந்தக் கரையில் ஏறப்போகிறோம் என்பதும் தெரிந்துவிடும். பிறகு அந்தக் கரைக்கு நடந்து போகிற தூரத்தில் கட்டில் தேடினால் போதும்.

இன்று தொலைபேசியில் கேட்டவை: ஓர் இன்ஸ்ட்ரக்டரோடு எத்தனை பேரை இறக்குவீர்கள்? படகில் ஒக்சிசன் வைத்திருக்கிறீர்களா? யாருக்காவது அழுத்த நோய் (உடம்பில் கரைந்த நைதரசன் குமிழியாகி வருத்துவது) வந்தால் எங்கே கொண்டுபோவீர்கள்? பழகுகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும்போது ஒருவருக்கு எட்டுப் பேர் வரை, சுழியோடப் பழக்கும் பாடி (PADI) அமைப்பின் விதி இடம்தருகிறது. என் தம்பியை நாலு பேருக்கு மேல் உள்ள குழுவில் விட எனக்கு மனமில்லை. ஓரிடத்தில் எந்தக் கேள்விக்கும் விலையைத்தான் பதிலாகச் சொன்னார்கள். நிலாவெளியில் எடுத்தவர் ஒவ்வொன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லிவிட்டு, "தம்பிக்குத் தொய்வு, காதுவருத்தம் ஏதும் இருக்கோ அக்கா? மருத்துவப் படிவம் அனுப்புறன், முதல் அதை நிரப்பித் தாங்கோ" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது.

மே 24

அம்மா இன்னும் டவுனைத்தான் சொல்கிறா. டவுனில் தங்கினால் கோயில், சந்தை, பஸ் நிலையம், ரயில் நிலையம் எல்லாம் கிட்ட. சைவச் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டியதில்லை. ஆனால் நிலாவெளி வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றர். விடியப்புறம் ஈரப் பையோடு ஓட்டோ பிடித்து ஓடவேண்டும். நடுவில் உப்புவெளி, அலஸ்தோட்டம். அங்கே அறைகள் நிறைய, கடையும் கிட்ட, புல்மோட்டை வீதியில் பஸ்ஸும் ஓடும். சுவாமிமலைக்குப் படகில் போக அதுதான் வசதி. ஆனால் அங்கிருந்து புறாமலைக்குக் கடலில் அரை மணியளவு போகவேண்டும். நிலாவெளிக் கரைக்கு நேரே அது ஒரு கிலோமீற்றர்தான். அலையில் தலை சுற்றுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிது. தம்பிக்குக் குறிகட்டுவான் லோஞ்சிலேயே தலை சுற்றும்.

நிலாவெளி என்று எழுதிவைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவவுக்கும் ஒரு வழி செய்யவேண்டும்.

ஜூன் 6, நிலாவெளி

முன்பணம் கட்டாமல் வந்து கண்ணால் பார்த்தபின் அறை எடுப்பது என்று தீர்மானித்திருந்தோம். போயா (பௌர்ணமி) விடுமுறை நாட்களை ஒட்டியோ ஓகஸ்ட் பள்ளி விடுமுறையிலோ அப்படி வரமுடியாது. கொழும்புச் சனத்தால் நிறைந்துவிடும்.

முதலில் பார்த்தது கடலோரம், புதுக் கட்டடம், வெள்ளைத் திரைகள். பின்பக்கம் போனேன். நனைந்த உடுப்புக் காயப்போட ஒரு கொடிகூட இல்லை, பல்கனியில் போடுவதற்கும் அனுமதி இல்லை. பக்கத்தில் இரவு இரண்டு மணி வரை பாட்டுப் போடுவார்கள் என்று வாசலில் நின்ற பொடியன் சொன்னான். நித்திரை முழிப்போடு தண்ணீருக்குள் இறங்கக்கூடாது.

எடுத்தது வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வீட்டோடு சேர்ந்த இரண்டு அறைகள். கிணற்றடியில் நன்னீர்த் தொட்டி. வேப்பமர நிழலில் கொடி. கடலுக்கு ஐந்து நிமிட நடை. 2004 சுனாமியில் பழைய வீடு போய், திரும்பக் கட்டியதாம். வீட்டுக்கார அம்மா, "விடிய எத்தினை மணிக்குச் சாப்பாடு வேணும் பிள்ளை? ஆறு மணிக்கு இடியப்பமும் சொதியும் தரலாம். வெள்ளிக்கிழமை மச்சம் சமைக்கமாட்டம்" என்றா. அம்மாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

ஏசி இல்லை, மின்விசிறிதான். சுழியோட வருகிறவர்களுக்கு அதுவே நல்லது என்று நினைக்கிறேன். இரவெல்லாம் குளிரில் படுத்து மூக்கடைத்துக்கொண்டால் காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது. பத்து மீற்றர் இறங்கினாலே அழுத்தம் இருமடங்கு. காது ஒத்துழைக்காவிட்டால் அன்றைய நாள் கரையில்தான்.

ஜூன் 8

தம்பி இறங்கிவிட்டான்! ஆழமில்லாத இடத்தில் முகமூடிக்குள் தண்ணீர் விட்டு வெளியேற்றினான், மூச்சுவிடுகிற ரெகுலேட்டரை வாயிலிருந்து கழற்றித் திரும்பப் போட்டான். முதல் தடவை அரக்கப்பரக்க எழும்பினான். இன்ஸ்ட்ரக்டர் கோபிக்கவில்லை. திரும்பக் காட்டினார், திரும்ப இருத்தினார். ஓப்பன் வோட்டர் என்கிற முதல் கட்டப் பயிற்சியை முடிக்க இப்படிப் பழகியபின் கடலில் நாலு சுழியோட்டம் வேண்டும். முடித்தால் 18 மீற்றர் வரை போகலாம்.

அம்மா கரையில் குடைக்குக் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. வெயில் கூடினால் தானே நடந்து வீட்டுக்குப் போய்விடுகிறா. கூட வருகிறவர்கள் சுழியோடாதவர்கள் என்றால், அவர்கள் யாரையும் எதிர்பாராமல் திரும்பிப் போகக்கூடிய இடமா என்று பாருங்கள். பெரிய ஹோட்டலின் படகு வசதியைவிட இது முக்கியம்.

பின்னேரம் உபகரணங்களை நன்னீரில் கழுவிக் கொடியில் போட்டோம். பிறகு மூன்று பேருக்கும் ஒரே நித்திரை.

ஜூன் 10

புறாமலை. 1963இல் சரணாலயம், 2003இலிருந்து தேசியப் பூங்கா. கரையில் வனசீவராசிகள் திணைக்களத்தில் சீட்டு எடுத்துத்தான் போகவேண்டும். மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர்.

முருகைக்கல்லை (பவளப்பாறையை) பார்க்கத்தான் நான் வருகிறேன். உடைந்த கிளைகள் வெள்ளையாக அடியில் கிடந்த பக்கத்தைக் கடந்தபோது நெஞ்சு கனத்தது. கடல் சூடானால் முருகைக்கல்லுக்குள் வாழும் பாசி நீங்கிவிடும், அது வெளிறிப்போகும். அதற்கு நாம் உடனே ஒன்றும் செய்யமுடியாது. ஆனால் மேலே நின்று மிதிக்காமல் இருக்கலாம். அலை குறைந்த பக்கத்தில் ஸ்நோர்க்கல் போட்டவர்கள் அதன் மேலேயே எழும்பி நின்றார்கள், கூட்டிவந்தவர்களும் தடுக்கவில்லை. எங்கள் இன்ஸ்ட்ரக்டர் இறங்க முன்னமே கால்களை எங்கே வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். தங்குமிடமே படகு ஒழுங்கு செய்து தருகிறது என்றால், இதைக் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

தெற்குப் பக்கம் போனோம். கருநுனிச் சுறாக்கள், சின்னவை, எங்களை மதிக்காமல் தம் வழியில் திரும்பின. ஓர் ஆமை கல்லிடுக்கில் மேய்ந்தது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான், விடவே இல்லை.

ஜூன் 11, திருகோணமலை டவுன்

காலையில் சுவாமிமலை. கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தார்கள். கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள், மிச்சம் கடலுக்குள் போயிற்று. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இங்கே சுழியோடி அந்தக் கற்களைக் கண்டார்கள். நான் இன்று கண்டது செதுக்கிய ஒரு தூண், மேலெல்லாம் கடற்பாசி. தொடவில்லை.

படகால் வந்ததும் அம்மா, "கும்பிட்டியா?" என்று கேட்டா.

"கும்பிட்டன் அம்மா."

மத்தியானமே நிலாவெளி அறைகளை விட்டு டவுனுக்கு மாறினோம். அம்மாவுக்காக நான் யோசித்த வழி இதுதான், சுழியோடியின் கணக்குக்கும் இது சரியாக வருகிறது. திருகோணமலையிலிருந்து நாங்கள் போவது நுவரெலியாவில் சித்தி வீட்டுக்கு. அது 1868 மீற்றர் உயரம். உடம்பில் கரைந்த நைதரசன் வெளியேற முன்னம் மலை ஏறுவதும் விமானம் ஏறுவதும் ஒன்றுதான். நாட்கணக்காகச் சுழியோடியவர்கள் குறைந்தது 18 மணித்தியாலம் பொறுக்கவேண்டும் என்பது சுழியோடிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் டான் (DAN) அமைப்பின் அறிவுரை. வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் ஆட்கள் பலர் திருகோணமலை முடிந்த கையோடு கண்டி, நுவரெலியா என்று வாகனம் பிடிக்கிறார்கள். தயவுசெய்து ஓர் இரவு கீழேயே தங்குங்கள். கடைசி இரவை டவுனில் போட்டால் கோயிலும் கிடைக்கும், உடம்புக்கும் நேரம் கிடைக்கும்.

இந்த அறை டச்சுக் குடாவுக்குக் கிட்ட. சின்னது, சுத்தமானது. இங்கே இனி கேட்பதற்கு ஒன்றுமில்லை, கட்டில் இருந்தால் சரி.

ஜூன் 12

பிரெட்ரிக் கோட்டை வாசலால் நடந்து ஏறினோம், மான்கள் நிழலில் படுத்திருந்தன. காலைப் பூசைக்கு அம்மா முன்வரிசையில் நின்றா. பூசை முடிந்ததும் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவு வரை கூட்டிப்போய், நேற்று எங்கள் படகு நின்ற இடத்தைக் காட்டினேன். "இவ்வளவு கிட்டவா?" என்றா.

பின்னேரம் நிலாவெளி வீட்டுக்காரவுக்குத் தொலைபேசி எடுத்து, அடுத்த மே மாதத்துக்கு அதே இரண்டு அறைகளையும் சொல்லிவைத்தேன். தம்பி அடுத்த கட்டமான அட்வான்ஸ்ட் பயிற்சி செய்யப்போகிறானாம். நாளைக் காலை கண்டி பஸ்ஸில் மூன்று ஆசனம் பிடிக்கவேண்டும்.