கேம்ப் வேலை முடிந்து மலைக்குத் திரும்புகிறவர்களுக்கு

குவைத் ஆரிஃப்ஜான், கத்தார் அல் உதைத் மாதிரி அமெரிக்க ராணுவ முகாம்களில் சமையலறை, சலவை, களஞ்சியம் என்று வேலை செய்துவிட்டுக் குடும்பத்தோடு இலங்கை மலைநாட்டு ஊர்களுக்குத் திரும்புகிறவர்கள் பணத்துக்குத்தான் கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வந்தபின் ஆளை அலைக்கழிப்பது வேறு இரண்டு: வீட்டு ஈரம், விலாசம்.

டிக்கெட் போடுமுன் உங்கள் வீடு மலையின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஹற்றன், வட்டவளை, மஸ்கெலியா எல்லாம் மேற்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை விடாது; ஜனவரி முதல் மார்ச் வரைதான் அங்கே சுவர் காயும். பதுளை, பசறைப் பக்கம் கிட்டத்தட்டத் தலைகீழ். மார்கழி, தையில் மழை கொட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்து கிடக்கும். பிள்ளைகளின் பள்ளித் தவணை இதோடு ஒத்துவராவிட்டால், ஒருவர் மட்டும் மூன்று வாரம் முந்தி வந்து வீட்டைத் தயார் செய்வது நல்லது.

பூட்டிக் கிடந்த வீட்டில் முதல் வேலை பெயின்ட் என்று நினைக்கிறார்கள். அது கடைசி வேலை. முதலில் கூரை: தகரத்தில் ஆணி அடித்த இடத்து வாஷர் வெடித்திருக்கும், கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் சவுக்கு இலையும் பாசியும் அடைத்திருக்கும். அடுத்தது வீட்டின் பின்பக்கம். மலையை வெட்டிக் கட்டிய வீட்டில் மண்மேட்டுக்கும் பின்சுவருக்கும் இடையில் ஒரு கான் (வடிகால்) இருக்கும். அது மண் மூடிப்போனால் மேட்டுத் தண்ணீர் முழுக்கச் சுவரைத்தான் தேடி வரும். கானைத் தோண்டாமல் சுவருக்கு எத்தனை பூச்சுப் பூசினாலும் ஒரு மழைக்காலம் தாங்காது, கொப்புளித்து உரிந்துவிடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் செலவில்லாத வழி உண்டு. ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி அடைத்து ஒரு நாள் விடுங்கள். பொலித்தீனின் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. கானையும் கூரையையும் மறுபடி பாருங்கள். வெளிப்பக்கம் நின்றால் அது காற்றின் ஈரம். வெயில் ஏறியபின் ஜன்னல்களைத் திறந்து, மூடுபனி இறங்குமுன் அடைத்து வந்தால் குறையும். நாள் முழுக்கத் திறந்து போட்டால் பனி உள்ளே வந்து குடியேறும். பூஞ்சணத்தைக் காய்ந்தபடி தட்டாதீர்கள், தூள் நெஞ்சுக்குள் போகும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். சுவர் காய்ந்தபின் சுண்ணாம்பு அடிப்பதே எங்கள் கட்சி. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், இமல்ஷன் உள்ளே பூட்டி வைக்கும்.

கார்கோ பெட்டிகளை வீடு காயும் வரை பிரிக்க வேண்டாம். பாலைவனத்துக் காய்ந்த காற்றில் கட்டிய துணி பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். ஆனால் அட்டைப் பெட்டியைச் சிமெந்துத் தரையில் வைத்தால் அடியிலிருந்து ஊறும். இரண்டு செங்கல் மேல் பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். அலுமாரிக்கும் சுவருக்கும் நாலு விரல் இடைவெளி வேண்டும்.

மண்சரிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனதும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டியதும் எல்லாருக்கும் தெரியும். பல வருடம் வெளியே இருந்தவருக்குத் தன் வீட்டுக்கு மேலே மலை எப்படி மாறியிருக்கிறது என்பதுதான் தெரியாது. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்களும் தூண்களும், காரணமில்லாமல் இறுகும் கதவு, திடீரென்று கலங்கும் அல்லது வற்றும் ஊற்று: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ கிராம சேவகரான ஜீ.எஸ்.ஸுக்கோ அறிவியுங்கள். மழைமானி வீட்டிலேயே செய்யலாம். நேரான பக்கமுள்ள சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாக மேலே செருகி, அடிப்பாகத்து மேடுபள்ளத்தைக் கொஞ்சம் சிமெந்தால் சமப்படுத்தி, அங்கிருந்து மில்லிமீற்றர் கோடு போடுங்கள். கூரைத் தண்ணீர் விழாத வெளியில் வையுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் மூட்டை கட்டித் தயார், 150 என்றாலோ ஒரே மணி நேரத்தில் 75 என்றாலோ வெளியேற வேண்டும்.

கேம்ப் மூடும்போது அமெரிக்கச் சாமான் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்றிருந்தால் விட்டுவிடுங்கள். டிரான்ஸ்போமர் போட்டால் சரி என்பார்கள். அது வோல்டேஜைத்தான் மாற்றும், நம் 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மோட்டார்கள் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடி, கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடேறும். சவூதியில் வாங்கியவையும் 60 ஹேர்ட்ஸ்தான். குவைத், கத்தார் கடைச் சாமான் 50 என்பதால் பிரச்சினையில்லை. 100–240 வோல்ட், 50/60 என்று எழுதிய சார்ஜரும் மடிக்கணினியும் எங்கேயும் வேலை செய்யும்.

குளிருக்குப் பயந்து எல்லாரும் வாங்குவது சுடுதண்ணீர்க் கீசர். 3,500 வாட் கீசர் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். லயத்து வீட்டறையான காம்பராவின் லைட் வயரில் அதைக் கொடுத்தால் வயர்தான் முதலில் வேகும்; போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், எர்த் மூன்றும் வேண்டும். அதைவிட மோசம், ராத்திரி கதவை அடைத்துக்கொண்டு கரிச்சட்டி வைப்பது. வாசமே இல்லாத கார்பன் மொனொக்சைட்டில் குடும்பமே எழும்பாமல் போகலாம். பருப்பு வேகவில்லை என்று கடைக்காரரைத் திட்டவும் வேண்டாம்: 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர்தான் வழி.

கொண்டுவந்த காசில் காம்பராவை உடைத்து சிலாப் போட ஆசை வரும். காணி உறுதிப் பத்திரம் இல்லாத இடத்தில் அதைச் செய்யாதீர்கள். 1970களில் அரசு எடுத்த தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. லயம் உங்கள் பெயரில் இல்லை. குடும்பத்தில் ஒருவர்கூடச் செக்ரோலில் (தோட்டத்து வேலையாட்களின் பெயர்ப்பட்டியலில்) இல்லாவிட்டால் பேச்சு இன்னும் சிக்கலாகும். கூரையும் நடுச்சுவரும் பக்கத்து வீட்டோடு பொதுவானவை என்பதையும் மறக்க வேண்டாம். 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் கையில் என்ன கடிதம் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுச் செலவழிக்கட்டும்.

இனிக் கடதாசி. கேம்பில் உங்களை வேலைக்கு வைத்தது ராணுவம் அல்ல, துணை ஒப்பந்தக் கம்பனி. ஒப்பந்தம் முடிந்தால் அந்த அலுவலகமே இருக்காது. பதவி, திகதிகள், கடைசிச் சம்பளம் எழுதிய சேவைக் கடிதத்தையும் சேவை முடிவுப் பணக் கணக்கையும் விமானம் ஏறுமுன் கையில் வாங்குங்கள்.

அங்கே பிறந்த பிள்ளைக்கு அந்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, பிறந்து ஒரு வருடத்துக்குள் தூதரகத்திலோ கொழும்பிலோ பதிய வேண்டும். தவறினாலும் பதியலாம், ஆனால் தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டிவரும். அந்தச் சட்டம் நம் பாட்டன் பூட்டனை நாடற்றவர்களாக்கியது தெரிந்தவர்கள் இதைத் தள்ளிப்போட மாட்டார்கள். தோட்டத்தில் பிறந்த பெற்றோரின் சிங்களப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒன்று, கடவுச்சீட்டில் இன்னொன்று என்று இருக்கும். மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் பிள்ளையின் பதிவுக்கு முன்பே பிரதேச செயலகத்தில் திருத்தப் போடுங்கள்.

பள்ளிக்கு விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கை இரண்டும் அந்நாட்டு வெளிவிவகார அமைச்சின் முத்திரையும் நம் தூதரக முத்திரையும் பட்டு வரட்டும். தரம் 10, 11 சேர்த்துத்தான் சாதாரண தரப் பாடத்திட்டம், அதனால் தரம் 10 தொடங்குமுன் வந்துவிடுங்கள். ஆங்கிலத்தில் படித்த பிள்ளை தமிழ் பேசும், எழுத வராது. உயர்தரத்துக்குப் போகத் தாய்மொழியிலும் கணிதத்திலும் சித்தி வேண்டும் என்பதால் இதைச் சின்ன விஷயமாக எடுக்க வேண்டாம்.

விலாசம் கடைசியாக வந்தாலும் வங்கி, பள்ளி, அடையாள அட்டை எல்லாம் அதைத்தான் கேட்கும். லயத்துக்கு இலக்கம் இல்லை. தபால் தோட்ட ஆபீசுக்கு வந்து அங்கே கிடந்து ஆள் கையில் வரும். ஜீ.எஸ்.ஸின் வதிவிடச் சான்றிதழை முதல் வாரமே எடுங்கள், வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்றும் அவரிடமே கேளுங்கள். கடிதம் தவறக்கூடாத விஷயங்களுக்கு, டவுனில் தெரிந்த கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு "மே/பா" (இன்னார் மூலம்) போட்டு அவர் கடை விலாசத்தைக் கொடுப்பதுதான் இன்றைக்கும் நடக்கிற வழி.